கதிர் தோற்ற இடத்தில் கிடைத்த அரை

முதுகலை இயற்பியல் வகுப்பில், துகள்களின் இயக்கத்தைச் சொல்லும் ஹாமில்டன்–ஜேக்கோபி சமன்பாட்டைப் பலகையில் எழுதி முடித்ததும் ஆசிரியர்கள் பலரும் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "ஹாமில்டன் இன்னும் ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால் குவாண்டம் இயக்கவியல் 1834-லேயே வந்திருக்கும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தூங்கி வழிகிற வகுப்பும் அப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஒளியியலிடமிருந்து குவாண்டம் கொள்கை எதைக் கடன் வாங்கியது என்பதையே மறைத்துவிடுகிறது.

உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடலாம். 1820களின் பிற்பகுதியில் டப்ளினில் ஹாமில்டன் செய்த வேலை இது: கதிர்களை ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருக்காமல், ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கதிர்க் கூட்டம் முழுவதையும் ஒரே சார்பில் அடக்கினார். அந்தச் சார்பின் மதிப்பு மாறாத பரப்புகள் அலைமுகப்புகள். கண்ணாடி, நீர் போன்ற ஊடகங்களில் கதிர்கள் அவற்றைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகும். கதிர் போகும் திசையில் சார்பு எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அதுவே அந்த இடத்தின் ஒளிவிலகல் எண். இந்தக் கணிதத்தை வைத்து, சில படிகங்களுக்குள் ஒரு கதிர் கூம்பாக விரியும் என்று 1832-ல் அவர் முன்கூட்டியே சொன்னார். ஹம்ஃப்ரி லாய்ட் அரகோனைட் படிகத்தில் அதைச் செய்தும் காட்டினார். பிறகு 1834, 1835 கட்டுரைகளில் அதே கருவியைத் துகள்களின் இயக்கத்துக்குக் கொண்டுபோனார். ஒளிவிலகல் எண் இருந்த இடத்தில் துகளின் உந்தம் வந்து உட்கார்ந்தது. அதாவது மொத்த ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, நிறையின் இரு மடங்கால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வருவது. சமன்பாட்டின் வடிவம் துளியும் மாறவில்லை. நிலை ஆற்றல் இடத்துக்கு இடம் மாறும் வெளியில் போகும் எலக்ட்ரானும், அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும் கண்ணாடியில் போகும் ஒளிக்கதிரும் ஒரே கணக்கு.

இவ்வளவும் சரி. அடுத்த எட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் தவறு. அதற்கு இரண்டு தடைகள் இருந்தன. இரண்டும் சின்ன விஷயங்கள் அல்ல.

எந்த வேகம்?

முதல் தடை பழையது, ஹாமில்டனுக்கும் முந்தியது. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி செங்குத்தை நோக்கி வளைகிறது. 1662-ல் ஃபெர்மா கொடுத்த விளக்கம்: ஒளி தண்ணீரில் மெதுவாகப் போகிறது, ஆகவே நேரம் குறைகிற பாதையைத் தேர்ந்துகொள்கிறது. ஒளி என்பது துகள்கள்தான் என்ற துகள் கட்சியின் விளக்கம் நேர் எதிர்: ஒளித்துகளைத் தண்ணீர் உள்ளே இழுக்கிறது, அதனால் அது அங்கே வேகமாகப் போகிறது. 1744-ல் மோபெர்த்துயி இந்தக் கட்சிக்கு ஒரு சிறுமக் கோட்பாடு (ஏதோ ஓர் அளவு மிகக் குறைவாக வரும் பாதையே நடக்கும் என்பது) கொடுத்தார். தூரத்தை வேகத்தால் வகுப்பதற்குப் பதில் வேகத்தால் பெருக்கிக் கூட்டினார். வேடிக்கை என்னவென்றால் இரண்டிலிருந்தும் அதே சைன் விதிதான் வருகிறது. 1850-ல் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியை வைத்துத் தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்று காட்டியதும் துகள் கட்சி படுத்துவிட்டது.

ஹாமில்டனின் சாமர்த்தியம், இந்தச் சண்டைக்குள் நுழையாமலே கணக்கை முடித்தது. அவருடைய சார்புக்கு ஒளிவிலகல் எண் மட்டும் போதும். அது வேகத்துக்கு நேர்விகிதமா எதிர்விகிதமா என்று அது கேட்பதில்லை. துகளின் இயக்கத்துக்கும் கதிர் ஒளியியலுக்கும் பாலம் போட முடிந்தது இதனால்தான். அந்தப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் அலை எதுவும் கண்ணில் படாமல் போனதும் இதனால்தான்.

எண்களை வைத்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். 100 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான், செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து வந்து, 44 வோல்ட் கூடுதலான ஒரு பகுதிக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அதன் இயக்க ஆற்றல் 144. உந்தம் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே 12-க்கு 10 என்ற விகிதத்தில் கூடுகிறது. எல்லைக்கு இணையான உந்தத்தை மாற்ற அங்கே எந்த விசையும் இல்லை. ஆக விலகு கோணத்தின் சைன் 0.5-ஐ 1.2-ஆல் வகுத்தால் வருவது: 0.417, கோணம் 24.6 பாகை. ஒளிவிலகல் எண் 1.2 உள்ள ஊடகத்துக்குள் கதிர் நுழைந்தால் எப்படி வளையுமோ அதே வளைவு. ஆனால் எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு 5,930 கிலோமீட்டரிலிருந்து 7,120 கிலோமீட்டராகக் கூடியிருக்கிறது. கண்ணாடிக்குள் நுழைந்த ஒளிக்கோ வேகம் குறைந்திருக்கும். பாதை ஒன்று, வேகம் எதிரெதிர். இப்படி இருக்கையில் 1834-ல் ஒருவர் "துகளுக்குப் பின்னால் ஓர் அலை இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டிருப்பார்.

முடிச்சை அவிழ்த்தவர் லூயி தெ புராய். 1923-ல் வெளியிட்ட குறிப்புகளிலும், 1924 நவம்பரில் பாரிசில் முன்வைத்த ஆய்வேட்டிலும் அவர் சொன்னது: அலைநீளம் என்பது பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்தால் வருவது. எல்லையின் இரு பக்கமும் ஆற்றல் ஒன்றே, ஆகவே அதிர்வெண்ணும் ஒன்றே. உந்தம் 1.2 மடங்கு கூடினால் அலைநீளம் 1.2 மடங்கு குறையும். நம் கணக்கில் 1.227 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.02-க்கு. அதிர்வெண் மாறாமல் அலைநீளம் குறைந்தால் அலைமுகடு மெதுவாகத்தான் நகரும். ஆகத் துகள் வேகமாகப் போகிற இடத்தில் முகடு மெதுவாகப் போகிறது. ஃபெர்மாவின் கோட்பாடு முகட்டின் வேகத்துக்கு, மோபெர்த்துயியின் கோட்பாடு துகளின் வேகத்துக்கு. துகளின் வேகம், பல அலைகள் சேர்ந்து உருவாகும் அலைத்தொகுதியின் வேகம்; முகடு வேறு, தொகுதி வேறு. கிட்டத்தட்ட 180 ஆண்டுச் சண்டையில் இரண்டு கட்சியும் வேறு வேறு வேகத்தைப் பற்றிப் பேசியிருக்கின்றன!

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. "சரி, அந்த முகட்டின் வேகம் எவ்வளவு?" என்று கேட்டு எண் தேடுவார்கள். வெறும் இயக்க ஆற்றலை வைத்தால் துகளின் வேகத்தில் பாதி வரும். ஓய்வு நிறையின் ஆற்றலையும் சேர்த்தால் ஒளியின் வேகத்தையே மிஞ்சும். இரண்டும் தவறில்லை. ஆற்றலின் சுழியத்தை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும், அதை எந்தக் கருவியும் அளக்காது. இரண்டு இடங்களின் முகட்டு வேக விகிதம் மட்டும் சுழியம் மாறினாலும் மாறாது. பாதை வளைவதற்கு அது போதும்.

மாறிலி இல்லாத சமன்பாடு

இரண்டாவது தடையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கதிர்ச் சமன்பாட்டில் அலைநீளம் கிடையாது. அலைச் சமன்பாட்டில் அலைநீளத்தைச் சுழியத்துக்குக் கொண்டுபோனால் கதிர்ச் சமன்பாடு விழும் என்பதை 1911-ல்தான் சோமர்ஃபெல்டும் ருங்கேயும் ஒழுங்காக எழுதிக் காட்டினார்கள், அதுவும் டெபை வாய்மொழியாகச் சொன்ன யோசனையை வைத்து. (அதே டெபைதான் பிற்பாடு சூரிச்சில், தெ புராயின் அலைகளைப் பற்றிப் பேசிய, பின்னர் குவாண்டம் அலைச் சமன்பாட்டை எழுதிய ஷ்ரோடிங்கரிடம், "அலை என்றால் அலைச் சமன்பாடு வேண்டாமா?" என்கிற தொனியில் கேட்டதாக ஃபெலிக்ஸ் பிளாக் நினைவுகூர்ந்திருக்கிறார்.) அலைநீளம் சுழியமாகும் எல்லைக்குப் போகும் வழி ஒன்று, திரும்பி வரும் வழிகள் பல. ஒரே கதிர்ச் சமன்பாட்டுக்குப் பின்னால் எத்தனையோ அலைச் சமன்பாடுகள் இருக்கலாம். எது சரி என்று கதிரைக் கேட்டால் பதில் வராது. எவ்வளவு அலைநீளம் என்றும் வராது. அதற்கு 1900-ல் பிளாங்க் கொடுத்த மாறிலி வேண்டியிருந்தது.

ஷ்ரோடிங்கரின் கட்டுரைகளே இதற்குச் சாட்சி. 1926 ஜனவரி 27 அன்று பத்திரிகைக்கு வந்து சேர்ந்த முதல் கட்டுரையில் ஒளியியல் வாடையே அதிகம் இல்லை. ஹாமில்டன்–ஜேக்கோபி சார்பின் இடத்தில் ஒரு மடக்கையைப் போட்டு, ஒரு சிறும நிபந்தனையை வைத்து, ஹைட்ரஜனின் ஆற்றல் நிலைகளைக் கறந்துவிடுகிறார். கதிர்–அலை ஒப்புமையை விரித்துச் சொல்வது பிப்ரவரி 23 அன்று வந்து சேர்ந்த இரண்டாவது கட்டுரையில்தான். ஹாமில்டனின் ஒளியியலைப் பற்றி 1891-லேயே பேசியும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று ஃபெலிக்ஸ் கிளைன் பின்னாளில் குறைப்பட்டதையும் அங்கே நினைவுபடுத்துகிறார். விடை கைக்கு வந்தபின் எழுதிய நியாயம் என்று அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் சொல்லப்படும் வரிசை அதுவல்ல.

டம்ளருக்குள் தெரியும் வளைகோடு

காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு பால் வைத்துப் பாருங்கள். பாலின் மேல் இரண்டு வில் சேர்ந்து நடுவில் கூராக முடியும் ஒரு பளிச்சென்ற வளைகோடு விழும். டம்ளரின் உட்சுவரில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு போகின்றன. ஆங்கிலத்தில் காஸ்டிக் என்று பெயர். கோட்டின் ஒரு பக்கம் ஒவ்வொரு புள்ளியிலும் கூடுதலாக இரண்டு கதிர்கள் குறுக்கிடும். மறுபக்கம் அந்த இரண்டும் இல்லை. கோட்டின் மேலேயே கதிர்க் கணக்கைப் போட்டால் ஒளியின் செறிவு முடிவிலி என்று வரும். கதிர் ஒளியியல் கையை விரிப்பது இங்கேதான்.

என் பார்வையில் குவாண்டம் கொள்கைக்கு ஒளியியல் தந்த பெரிய கொடை ஹாமில்டனின் வழவழப்பான ஒப்புமையைவிட, இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஏற்கெனவே சேர்ந்திருந்த அறிவுதான். துகளின் இயக்கத்தில் காஸ்டிக் எது? ஊசல் ஒரு கோடிக்குப் போய் நின்று திரும்புகிற புள்ளி. அந்தப் பக்கத்துக்குப் போகத் துகளிடம் ஆற்றல் இல்லை. இந்தப் பக்கம் ஒவ்வொரு இடத்திலும் போகும் பாதை ஒன்று, வரும் பாதை ஒன்று என இரண்டு உண்டு. திரும்பு புள்ளியில் உந்தம் சுழியம், அலைநீளம் முடிவிலி. ஷ்ரோடிங்கருக்கு முந்திய பழைய குவாண்டம் விதியோ இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. போய்த் திரும்பும் ஒரு முழுச் சுற்றில் உந்தத்தைப் பாதை நெடுகக் கூட்டினால், பிளாங்க் மாறிலியின் முழு எண் மடங்கு வரவேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தெ புராயின் மொழியில்: சுற்றுக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கவேண்டும்.

ஆனால் காஸ்டிக்கைத் தொட்டுத் திரும்பும் அலை அலைக்கணக்கில் கொஞ்சம் பிசகும் என்பது ஒளியியலாருக்குத் தெரியும். 1890-ல் லூயி ஜார்ஜ் கூயி ஒரு சமதள ஆடியிலும் ஒரு குழியாடியிலும் ஒளியைப் பிரதிபலிக்க வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கீட்டு வளையங்களைப் பார்த்தார். குழியாடியின் குவியத்துக்கு முன்னும் பின்னும் வளையங்களின் நடுப்புள்ளி இருட்டும் வெளிச்சமுமாக இடம் மாறியது. குவியத்தைக் கடக்கும்போது அலை அரைச் சுற்று (அதாவது அரை அலைநீள அளவு) பிசகியிருக்கிறது. புள்ளிக் குவியத்தில் இரண்டு திசையிலும் கதிர்கள் நெருங்குகின்றன. ஒரு திசைக்குக் கால் சுற்று. உருளை லென்ஸ் போல ஒரு திசையில் மட்டும் குவித்தால் கால் சுற்றோடு நின்றுவிடும்.

கால் ஏன்? கடினமான சுவரில் மோதித் திரும்பும் அலைக்கு அரைச் சுற்று பிசகும், ஏனெனில் சுவரில் அதன் வீச்சு சுழியமாக இருந்தே ஆகவேண்டும். கட்டில்லாத முனையில் திரும்பினால் பிசகே இல்லை. திரும்பு புள்ளி இரண்டுக்கும் இடைப்பட்டது: அலை அங்கே சுழியமாவதில்லை, தடைப்பட்ட பகுதிக்குள் கொஞ்சம் கசிந்து, தேய்ந்து மறைகிறது. பிசகும் இடைப்பட்டதாகக் கால் சுற்று வருகிறது. 1926-ல் வென்ட்செல், கிராமர்ஸ், பிரில்வான் மூவரும் தனித்தனியே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கதிர்க் கணக்கோடு இணைத்தார்கள். திரும்பு புள்ளியை எப்படிக் கடப்பது என்பதுதான் அதில் தலைவலி பிடித்த படி.

இனி கணக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சுலபம். ஊசலுக்கு இரண்டு திரும்பு புள்ளிகள், இரண்டு கால்கள், மொத்தம் அரை. ஆகக் கூட்டுத்தொகை முழு எண்ணுடன் அரை சேர்ந்தது. மிகக் குறைந்த ஆற்றலும் சுழியம் இல்லை, அரைக் குவாண்டம். இரண்டு கடினச் சுவருக்கிடையில் அடைபட்ட துகளுக்கு இரண்டு அரைகள் சேர்ந்து ஒன்று. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மெதுவாகத் திரும்பும் புள்ளி என்றால் முக்கால். வளையத்தில் ஓடும் துகளுக்குத் திரும்பு புள்ளியே இல்லை. முழு எண் அப்படியே நிற்கும்.

இந்த அரை ஆய்வகத்தில் ஏற்கெனவே தலைகாட்டியிருந்தது. 1924–25-ல் முல்லிக்கன் போரான் மோனாக்சைடின் பட்டை நிறமாலையை அலசினார். போரானில் நிறை 10, 11 என இரண்டு ஐசோடோப்புகள். மிகக் குறைந்த அதிர்வு நிலையின் ஆற்றல் சுழியமாக இருந்தால், அதிர்வில்லா நிலையிலிருந்து அதிர்வில்லா நிலைக்குத் தாவும் பட்டை இரண்டு ஐசோடோப்புக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழவேண்டும். விழவில்லை. அரைக் குவாண்டம் போட்டால்தான் பொருந்தியது.

அப்படியானால் 1913-ல் அரை எதுவும் போடாமல் நீல்ஸ் போருக்கு எப்படி ஹைட்ரஜன் சரியாக வந்தது? ஹைட்ரஜன் ஏமாற்றிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அங்கே கருவை நெருங்கியும் விலகியும் போகும் ஆர ஊசலுக்கு ஓர் அரை, கோண ஊசலுக்கு ஓர் அரை. ஆற்றலோ இரண்டின் கூட்டலை மட்டும் பொறுத்தது. அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாகி முழு எண்ணுக்குள் ஒளிந்துகொண்டன. ஹைட்ரஜன் ஆற்றல் நிலைகளின் நுட்பமான பிளவுகளுக்கு சோமர்ஃபெல்ட் 1916-ல் எழுதிய நுண்கட்டமைப்புச் சூத்திரம் இதைவிட விநோதம். அலையின் அரையையும் அவர் சேர்க்கவில்லை, எலக்ட்ரானின் தற்சுழற்சியையும் சேர்க்கவில்லை (அது அப்போது யாருக்கும் தெரியாது). இரண்டு விடுபடலும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு விடை மிகச்சரியாக வந்தது. ஷ்ரோடிங்கர் முதலில் முயன்ற சார்பியல் அலைச் சமன்பாட்டில் அலையின் அரை தானாகவே இருந்தது, தற்சுழற்சி இல்லை. ஆகவே நுண்கட்டமைப்பு தவறாக வந்து, அதை அவர் ஓரமாக வைத்தார். கூடுதலாக ஒன்றைச் சரிசெய்தவருக்குத் தப்பான விடை கிடைத்தது!

தடைப்பட்ட பக்கம்

திரும்பு புள்ளிக்கு அப்பால் கசியும் அலையும் ஒளியியலுக்குப் பழகியதுதான். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள முப்பட்டகத்துக்குள் 600 நானோமீட்டர் ஒளி 45 பாகையில் பட்டால் முழு அக எதிரொளிப்பு நடக்கும். ஆனாலும் வெளிக்காற்றில் அலை இருக்கும். 270 நானோமீட்டர் தூரத்தில் அதன் வீச்சு 37 சதவீதமாகத் தேயும். அந்தத் தூரத்துக்குள் இன்னொரு முப்பட்டகத்தைக் கொண்டுவந்தால் ஒளி தாவிவிடும். ஒளியில் இந்த இடைவெளியை அளப்பது பெரும்பாடு. ஜகதீஷ் சந்திர போஸ் 1897-ல் அலைநீளம் எவ்வளவோ அதிகமான மின்காந்த அலைகளை வைத்து, இடைவெளியைக் கூட்டிக் குறைத்து இதை அளந்தார். 1928-ல் ஆல்ஃபா துகள் கருவைவிட்டு எப்படி வெளியேறுகிறது என்று ஜார்ஜ் காமோவும், தனியாக கர்னி–காண்டன் இருவரும் போட்ட கணக்கில் வரும் தேய்வும் இதே வகைதான். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்தால் ஒளிவிலகல் எண் கற்பனை எண்ணாகும், உந்தமும் அப்படியே.

முக்கால் விதிக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் விட்டுவிட்டேன். சமதள ஆடியின் மேல் புவியீர்ப்பில் துள்ளும் நியூட்ரான்: கீழே சுவர், மேலே மெதுவாகத் திரும்பும் புள்ளி. கிரெனோபிளில் உள்ள லாவே–லாஞ்சவின் நிறுவனத்தில் மிக மெதுவான நியூட்ரான்களை ஆடியின் மேல் கிடைமட்டமாக ஓடவிட்டு, மேலே உறிஞ்சும் தகட்டை வைத்து இடைவெளியை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். சுமார் 15 மைக்ரோமீட்டருக்குக் கீழே நியூட்ரான்கள் வெளிவரவில்லை. முடிவு 2002-ல் வெளியானது. மிகக் குறைந்த நிலையின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் லட்சம் கோடியில் 1.4 பங்கு. அரை, முக்கால் எதுவும் போடாத பழைய விதி, நியூட்ரான் ஆடியின் மேல் அசையாமல் படுத்துக்கிடக்கலாம் என்று சொல்லும். முக்கால் விதி 13.6 மைக்ரோமீட்டர் உயரம் என்கிறது. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்தால் 13.7.

அந்த 13.7-க்குள் இருக்கும் எண் 2.338. ஜார்ஜ் எய்ரி 1838-ல் காஸ்டிக்கின் அருகே ஒளியின் செறிவைக் கணக்கிட ஒரு சார்பை உருவாக்கினார். அவர் மனதில் இருந்தது வானவில், ஏனெனில் வானவில்லும் ஒரு காஸ்டிக்தான். சின்னத் துளிகள் பொழியும்போது வில்லின் உள்விளிம்பை ஒட்டித் தெரியும் கூடுதல் வரிகளை அந்தச் சார்பு சரியாகப் பிடித்தது. 1850-ல் ஸ்டோக்ஸ் அதைச் சுலபமாகக் கணக்கிடும் வழி கண்டு, 50 இருள் வரிகளின் இடங்களைக் கணக்கிட்டார். திரும்பு புள்ளியில் அலையைக் கடத்தப் பயன்படும் சார்பும் அதுவே. ஆடியின் மேல் துள்ளும் நியூட்ரானின் அலையும் அதுவே. வானவில்லின் முதல் இருள் வரி விழும் இடத்தைத் தரும் அதே 2.338 நியூட்ரானின் மிகக் குறைந்த உயரத்தையும் தருகிறது. இரண்டாவது இருள் வரிக்கு 4.088, நியூட்ரானின் இரண்டாவது நிலைக்கும் அதேதான்.